தயிர்ச் சட்டியின் விலையும் பைதனின் பிடிவாதமும்

"சேர், கோப்பைச் சேமித்துவிட்டேன்தானே, ஏன் பழைய விலையையே காட்டுகிறது?" கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் பைதன் நிரல்மொழி படிக்க வரும் உயர்தர மாணவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை. கணினியில் பிழை இல்லை. செய்து பார்த்தால் விளங்கும்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் வழமைபோல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கோப்பின் பெயரும் மாறிகளின் பெயர்களும் தமிழிலேயே இருக்கட்டும். பைதன் 3 அவற்றை ஏற்றுக்கொள்ளும்.

படி 1. 'தயிர்' என்ற பெயரில் ஒரு பைதன் கோப்பைத் திறந்து இரண்டு வரிகள் எழுதுங்கள்:

விலை = 700
சட்டிக்கூலி = 100

படி 2. அதே கோப்புறையில் பைதனைத் திறந்து இவற்றைத் தட்டுங்கள்:

இம்போர்ட் தயிர்
ஃப்ரம் தயிர் இம்போர்ட் விலை

தயிர்.விலை என்றாலும், வெறுமனே விலை என்றாலும் 700 வரும்.

படி 3. பைதனை மூடாமல் கோப்பில் 700ஐ 750 ஆக்குங்கள். சட்டிக்கூலி வரியை அழித்துவிட்டுச் சேமியுங்கள். மறுபடி 'இம்போர்ட் தயிர்' கொடுங்கள். தயிர்.விலை இன்னும் 700தான்!

ஏற்கெனவே ஏற்றிய மொடியூல்களை, அதாவது இப்படி இம்போர்ட் செய்த கோப்புகளை, பைதன் சிஸ்.மொடியூல்ஸ் என்ற அகராதியில் பெயர் வாரியாகப் பதிந்து வைக்கிறது. இம்போர்ட் என்றதும் முதலில் பார்ப்பது அதைத்தான். பெயர் அங்கே இருந்தால் கோப்பின் பக்கமே போகாது.

படி 4. இப்போது மீள ஏற்றுங்கள்:

இம்போர்ட் இம்போர்ட்லிப்
இம்போர்ட்லிப்.ரீலோட்(தயிர்)

தயிர்.விலை 750 ஆகிவிட்டது. ஆனால் வெறும் விலை? அது 700. தயிர்க் கடையின் விலைப் பலகையை அழித்து எழுதினாலும், காலையில் பலகையைப் பார்த்துத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு போனவரின் தாள் மாறாதல்லவா? 'ஃப்ரம்' போட்டு எடுத்த பெயர் அந்தத் துண்டுத்தாள். மீண்டும் அதே ஃப்ரம் வரியைக் கொடுத்தால்தான் புதிய விலை வரும்.

இதைவிட வியப்பானது, தயிர்.சட்டிக்கூலி என்று கேட்டால் கிடைக்கும் 100. கோப்பிலிருந்து அழித்த வரி! ரீலோட் பலகையை முதலில் துடைப்பதில்லை. பழைய எழுத்துகளின் மேலேயே கோப்பை மறுபடி ஓட்டுகிறது. புதிதாக எழுதப்படும் பெயர்கள் மாறும், மற்றவை அப்படியே கிடக்கும்.

படி 5. "அப்படியானால் அகராதியிலிருந்தே அழித்துவிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

இம்போர்ட் சிஸ்
பழையது = தயிர்
டெல் சிஸ்.மொடியூல்ஸ்['தயிர்']
இம்போர்ட் தயிர்
பழையது இஸ் தயிர்

இரண்டும் ஒன்றா என்று கேட்ட இந்தக் கடைசி வரிக்கு விடை 'ஃபால்ஸ்', அதாவது இல்லை. இப்போது நினைவகத்தில் இரண்டு தயிர் மொடியூல்கள் இருக்கின்றன. அழித்தது அகராதியில் இருந்த பதிவை மட்டுமே; பழைய மொடியூலைக் கையில் வைத்திருப்பவர் அதையே தொடர்ந்து பயன்படுத்துவார். ஒரு கடைக்காக நான் எழுதிய பட்டியல் நிரலில் ஒரு கோப்பு 700 என்றும் இன்னொரு கோப்பு 750 என்றும் கணக்குப் பார்த்தது இப்படித்தான். கூட்டுத்தொகை பிழைத்ததால் ஒரு மாலை முழுக்கக் கூட்டல் வரிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். இந்த நிலையில் ரீலோட்(பழையது) என்று கொடுத்தால் இம்போர்ட் எரர் வரும். அகராதியில் அந்தப் பெயரில் இருப்பது இப்போது வேறொரு மொடியூல்.

நிரலில் 'கிளாஸ்' என்று எழுதும் வகுப்புகளிலும் இதே கதைதான். ரீலோட்டுக்கு முன் ஒரு வகுப்பிலிருந்து உருவாக்கிய பொருள் (ஒப்ஜெக்ட்) பழைய வகுப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிய வகுப்பைக் காட்டி, இந்தப் பொருள் இதைச் சேர்ந்ததா என்று இஸ்இன்ஸ்டன்ஸ் மூலம் கேட்டால் 'ஃபால்ஸ்' என்று சொல்லும், இரண்டு வகுப்புகளின் பெயரும் ஒன்றாக இருந்தாலும்.

படிக்கும் காலத்தில் ரீலோட்டை இப்படி விளையாடிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது கோப்பை மாற்றினால் எக்சிட்() கொடுத்து வெளியே வந்து மறுபடி திறங்கள். இணையத்தில் பழைய விளக்கங்களைப் படிப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே 'இம்ப்' என்ற மொடியூலின் ரீலோட்டைக் காண்பீர்கள். ரீலோட் பைதன் 3.4இல் இம்போர்ட்லிப்புக்கு வந்துவிட்டது, 3.12இல் இம்ப் முழுதாகவே நீக்கப்பட்டுவிட்டது. அந்த வரியைப் பிரதி செய்தால் உங்கள் கணினியில் ஓடாமல் போகலாம்.