போக்கிமான் கோ: நடைக்கு யாரைக் கூட்டிப் போவது?

நடந்து திரிந்து போக்கிமான் என்கிற கற்பனை உயிர்களைப் பிடிக்கிற மொபைல் கேம்தான் போக்கிமான் கோ. பெங்களூரில் அதை விளையாடும் நம் ஆட்கள் பலர், பட்டியாக (buddy, அதாவது கூடவே நடக்கிற கூட்டாளியாக) ஒரு பிகாச்சுவை வைத்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. பார்க்க அழகுதான், சரி. ஆனால் எப்படியும் நடக்கப் போகிற நடைக்குக் கேண்டி (போக்கிமானை வலுவாக்கவும் அடுத்த உருவத்துக்கு மாற்றவும் செலவாகிற மிட்டாய்) சேர்த்துத் தருகிற வசதி இது, அதனால் யாரைக் கூட்டிப் போகிறோம் என்பதில் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

ஒரு கேண்டிக்கு இவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஓர் அளவு உண்டு. பிகாச்சு, மேஜிகார்ப்புக்கு 1 கிலோமீட்டர், சிலதுக்கு 3, ஈவீ, ட்ராட்டினிக்கு 5, மியூட்டூ மாதிரி லெஜண்டரிகளுக்கு (அரிய, வலுவான போக்கிமான்களுக்கு) 20. தெருமுனையிலேயே தினமும் பிடிக்கக் கிடைக்கிற ஒன்றை நடத்திக் கூட்டிப் போவது வீண் வேலை. எளிதில் கண்ணில் படாத, ஆனால் உங்களுக்கு நிறைய கேண்டி வேண்டிய ஒன்றைப் போடுங்கள். வாரத்துக்கு 20 கிலோமீட்டர்கூட நடக்காதவர் மியூட்டூவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

போடுவது சுலபம். திரையில் கீழே இடது மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் பட்டி பகுதி வரும், அங்கே தேர்ந்தெடுங்கள். அடுத்து செட்டிங்ஸுக்குப் போய் அட்வென்ச்சர் சிங்க்கை ஆன் செய்யுங்கள், இதைச் செய்யாவிட்டால் ஆப் மூடியிருக்கும்போது நடந்த நடை கணக்கில் வராது. ஐபோனில் ஆப்பிள் ஹெல்த், ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட் அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் போன் சட்டைப் பையிலேயே இருக்கலாம், நம் ஊர் நடைபாதையில் எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கும் என்று தெரியாதபோது அதுதான் நல்லதும்கூட.

வேகத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரைத் தாண்டினால் தூரம் சேராது, ஆகவே மெட்ரோவில் உட்கார்ந்து வருவதற்கு ஒன்றும் கிடைக்காது. சில்க் போர்டு டிராஃபிக்கில் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்ந்தால் சில சமயம் சேரும், அந்த ஜங்ஷனால் இப்படியும் ஒரு லாபம்.

இனி இதயங்கள், அதாவது பட்டியோடு உங்களுக்கு உள்ள நெருக்கத்துக்கான புள்ளிகள். இவை 2019 டிசம்பரில் வந்த பட்டி அட்வென்ச்சர் வசதியைச் சேர்ந்தவை. பெர்ரி கொடுப்பது, தடவி விளையாடுவது, போட்டோ எடுப்பது, சேர்ந்து சண்டை போடுவது, 2 கிலோமீட்டர் நடப்பது, எல்லாவற்றுக்கும் இதயம் உண்டு. 70 சேர்ந்தால் கிரேட் என்கிற நிலை, 150-க்கு அல்ட்ரா, 300-க்கு பெஸ்ட். கிரேட் ஆனதும் போக்கிமான் பிடிக்கும்போது தப்பிப் போகிற பந்தைச் சில நேரம் தட்டிவிட்டு உதவும், பெஸ்ட் ஆனால் கூட வரும்வரை அதன் சிபி (சண்டை பலம்) கூடும். சண்டைக்காக ரெய்டு (பலமான போக்கிமானோடு பலர் சேர்ந்து போடும் சண்டை) தேடி அலைய வேண்டாம், கேமில் வருகிற டீம் லீடரோடு ஒரு பயிற்சி ஆட்டத்தில் அதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

பெர்ரியில் ஒரு விஷயம்: கூட்டாளிக்கு எந்தப் பெர்ரியும் ஒன்றுதான், அதனால் தங்க ரேஸ்பெர்ரியை ரெய்டுக்கு வைத்துக்கொண்டு பையில் குவிந்து கிடக்கிற நானாப் பெர்ரியைத் தள்ளிவிடுங்கள். மூன்று கொடுத்தால் வயிறு நிறைந்து மேப்பில் கூடவே வரும்.

ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி. உள்ளே அன்று வண்டி வராது, நிதானமாக நடக்கலாம். நுழைந்ததும் பெர்ரி, விளையாட்டு, போட்டோ, சண்டை எல்லாவற்றையும் ஒரு சுற்று முடியுங்கள், பிறகு அரைமணிக்கொரு தரம் எங்காவது பெஞ்சில் உட்கார்ந்து அதே சுற்றைத் திரும்பச் செய்யுங்கள். சில சுற்றில் அது குஷியாகிவிடும், அந்த நிலையில் இதயம் இரட்டிப்பு, கேண்டி தூரம் பாதி, அதாவது ஈவீக்கு 5 போய் இரண்டரை. போஃபின் என்கிற தின்பண்டம் வாங்கிக் கொடுத்தால் உடனே குஷியாகும், ஆனால் அதற்குக் காயின் செலவழிக்கிற அளவுக்கு அவசரம் என்ன?

கேண்டிக்காக அல்லாமல் பரிணாமத்துக்காகவே நடத்த வேண்டியவையும் உண்டு. ஃபீபாஸை 20 கிலோமீட்டர் நடத்தி 100 கேண்டி கொடுத்தால் மிலோட்டிக். ஈவீயை 10 கிலோமீட்டர் நடத்திவிட்டுப் பகலில் மாற்றினால் எஸ்பியான், இரவில் அம்ப்ரியான். ஈவீயோடு 70 இதயம் சேர்ந்திருந்தால் சில்வியான். எஸ்பியானும் அம்ப்ரியானும் வேண்டுமென்றால் மாற்றும் நேரத்தில் ஈவீ உங்கள் கூட்டாளியாகவே இருக்க வேண்டும். பட்டனில் வேண்டிய உருவத்தின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள், கேள்விக்குறி இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.