ஈஸ்ட்டில் குறியீடற்ற ஆர்.என்.ஏ.: மாணவர்கள் இடறும் இடங்கள்

கோவை, ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளின் உயிர்தொழில்நுட்ப மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளைப் படிக்கும்போது, புரதத்திற்குக் குறியீடு தராத ஆர்.என்.ஏ. என்ற தலைப்பு வந்தாலே, அந்த மூலக்கூறு தானே போய், டி.என்.ஏ.-வும் அது சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களும் சேர்ந்த இழையான குரோமாட்டினைப் பிடித்து மூடிவிடுவதாக எழுதியிருப்பதைக் காண்கிறேன். ரொட்டி ஈஸ்ட்டைப் பொறுத்தவரை முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இதுவே.

ரொட்டி ஈஸ்ட்டின் இரட்டைமய செல் (குரோமோசோம்கள் இரண்டிரண்டாக உள்ளது), நைட்ரஜனும் குளுக்கோசும் இன்றிப் பட்டினி கிடந்து, அசிடேட் போன்ற எளிய கரிம உணவை மட்டும் பெறும்போது, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவுக்குச் சென்று நான்கு ஸ்போர்களை உண்டாக்குகிறது. அதன் திறவுகோல் ஐ.எம்.ஈ.1 என்னும் மரபணு. ஒற்றைமய செல்லில் (குரோமோசோம்கள் ஒவ்வொன்றே உள்ளது) ஆர்.எம்.ஈ.1 என்ற புரதம் இம்மரபணுவை இயக்கிவிடும் ஊக்கிப் பகுதியில் அமர்ந்து, அதன் வழியே ஐ.ஆர்.டி.1 என்ற நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படச் செய்கிறது, அதாவது டி.என்.ஏ.-விலிருந்து நகலெடுக்க வைக்கிறது. 2012-இல் வெளியான ஆய்வு காட்டியபடி, அந்தப் படியெடுப்பு நடக்கும்போதே செட்2 நொதி ஹிஸ்டோன் எச்3-இன் 36-ஆம் லைசினில் மெத்தில் குறியிட, செட்3 கூட்டுப் புரதம் வந்து அசிட்டைல் குழுக்களை நீக்குகிறது. அதனால் ஊக்கிப் பகுதி ஒடுக்கப்பட்டு, ஐ.எம்.ஈ.1 எழுவதில்லை.

மாசியில் கோனியம்மன் தேர் ராஜ வீதியில் உருளும்போது அங்கே கடை விரிக்க முடியாது. தேர் நிலைக்குச் சேர்ந்தபின் அதன் இருப்பு கடைக்காரரைத் தடுப்பதில்லை. இங்கும் தடை செய்வது படியெடுக்கும் ஓட்டமும் அது விட்டுச் செல்லும் தடமுமே. (சக்கரத் தடம் என்றும் சொல்லலாம்; ஹிஸ்டோன் குறிகள் அதுதான்.) ஆகவேதான் ஐ.ஆர்.டி.1 தன் குரோமோசோமில் தனக்கு அடுத்துள்ள ஐ.எம்.ஈ.1 பிரதியை மட்டுமே தடுக்கிறது. படியெடுப்பைத் தொடக்கத்திலேயே முடித்துவிடும் வரிசையை இடையில் செருகினால் தடையும் விலகும். இதைச் சோதிக்காமல், ஆர்.என்.ஏ. அளவு கூடியது, மரபணு ஒடுங்கியது என்ற இணைப்பை மட்டும் வைத்துக் காரணம் எழுதுவது அவசர முடிவு.

அடுத்த தவறு, பிளவு ஈஸ்ட் என்னும் வேறோர் ஈஸ்ட் இனத்தின் கதையை ரொட்டி ஈஸ்ட்டுக்குப் பொருத்துவது. சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. இடையீட்டின் வழியே எச்3-இன் 9-ஆம் லைசினில் மெத்தில் ஏற்றும் ஏற்பாடு பிளவு ஈஸ்ட்டில் உண்டு. ரொட்டி ஈஸ்ட்டிலோ அதற்கு வேண்டிய டைசர், ஆர்கோனாட் என்ற புரதங்கள் இல்லை, அந்த மெத்தில் குறியும் இல்லை. அதன் நிரந்தர ஒடுக்கம், குரோமாட்டினை அடக்கி வைக்கும் சர் புரதங்களைச் சார்ந்தது.

எல்லாக் குறியீடற்ற ஆர்.என்.ஏ.-வும் மரபணுவை அடக்கும் என்று எண்ணுவதும் பிழைதான். ஐ.ஆர்.டி.2 என்ற இன்னொரு குறியீடற்ற ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போது ஆர்.எம்.ஈ.1 அமர்வது தடைபட்டு, ஐ.ஆர்.டி.1 குறைந்து, ஐ.எம்.ஈ.1 எழுகிறது, ஐ.ஆர்.டி.2-ஐத் தூண்டுவதும் அந்த ஐ.எம்.ஈ.1 மரபணு தரும் புரதமே.

ஒற்றைமய வகையை அசிடேட் ஊடகத்தில் வைத்து, ஸ்போர் வரவில்லையே என்று ஊடகத்தைக் குறை சொல்லும் குறிப்புகளையும் பார்த்திருக்கிறேன். இரு இனச்சேர்க்கை வகைகளின் ஏ1, ஆல்ஃபா2 புரதங்கள் சேர்ந்துதான் ஆர்.எம்.ஈ.1-ஐ அடக்குகின்றன, ஒற்றைமய செல்லில் அவற்றுள் ஒன்று இருக்காது, அதனால் ஆர்.எம்.ஈ.1 அடங்காமல் ஐ.எம்.ஈ.1-ஐத் தடுத்துவிடும்.