ரம்மி பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் ஸ்கூட் விடக் கற்றுக்கொள்ளுங்கள்

ரம்மிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வரிசை (எல்லாம் இஸ்பேட் என்பது போல ஒரே ஜாதியில் அடுத்தடுத்து வரும் சீட்டுகள்) எது, செட் (வேறு வேறு ஜாதியில் ஒரே எண்) எது, ஒரிஜினல் (ஜோக்கர் உதவி இல்லாத வரிசை) இல்லாமல் டிக் அடிக்கக் கூடாது (கை சேர்ந்துவிட்டது என்று ஆட்டத்தை முடிக்கக் கூடாது) என்பதையெல்லாம் வீட்டில் யாராவது பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்கூட் விடுவதை, அதாவது கை மோசம் என்றால் அந்த ஆட்டத்திலிருந்து விலகுவதைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால் புதியவர்கள் எந்தக் கை வந்தாலும் ஆடுகிறார்கள், ஃபுல் (அதிகபட்சத் தண்டப் புள்ளி) வாங்குகிறார்கள், நாலு ஆட்டத்தில் வெளியே போய்விட்டு மீதி ராத்திரி முழுக்க மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்து ரம்மி பிடிக்காமல் போனவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் போனார்கள்.

250 போட்டு ஆடுவதையே எடுத்துக்கொள்வோம். முதல் சீட்டு எடுக்கும் முன்பே ஸ்கூட் விட்டால் தண்டப் புள்ளி 20, நடுவில் விட்டால் 40, ஆடித் தோற்றால் கையில் இருப்பதைக் கூட்டி அதிகபட்சம் 80. 250ஐத் தொட்டவர் அவுட். அதாவது நாலு தடவை ஸ்கூட் விடுவதும் ஒரே ஒரு ஃபுல் வாங்குவதும் ஒன்று. இந்தக் கணக்கு மனதில் உட்கார்ந்துவிட்டால் ஆட்டமே வேறு மாதிரி தெரியும், ஏனென்றால் 250இல் கடைசி வரை நிற்கிறவர் அதிகம் டிக் அடித்தவர் என்று கிடையாது, டிக் அடிக்காத ஆட்டங்களில் குறைவாகக் கொடுத்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

ஒரு கையைப் பாருங்கள். இஸ்பேடில் ராஜா, ஜாக்கி. ஆட்டினில் ராணி, 9, 4. டைமனில் ஆஸ், 10, 6, 2. கிளாவரில் ராஜா, 8, 5, 3. ஜோக்கர் (எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் சீட்டு) 7 என்று வைத்துக்கொள்வோம், கையில் ஒன்றுகூட இல்லை. புதியவர் இதைப் பார்த்ததும் இஸ்பேட் ராணி வந்தால் ஒரு ஒரிஜினல், டைமன் 3 வந்தால் இன்னொன்று, கிளாவர் 4 வந்தால் வேறொன்று, ராஜா வேறு இரண்டு இருக்கிறது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். இரண்டு கட்டு வைத்து ஆடும்போது, குறிப்பிட்ட ஒரு சீட்டு இரண்டே இரண்டுதான் இருக்கும். ஐந்து பேர் ஆடினால் 104இல் 65 சீட்டு கைகளில் போய்விடுகிறது, அதில் 52 மற்றவர்களிடம். நீங்கள் தேடும் இஸ்பேட் ராணி யாரோ ஒருவர் கையில் உட்கார்ந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இந்தக் கையைக் கூட்டினால் (ஆஸும் படச் சீட்டுகளும் தலா 10) 97, எழுதுவது 80. பேசாமல் 20 கொடுத்துவிட்டு அடுத்த கைக்குக் காத்திருக்க வேண்டிய கை இது.

அதே நேரம் பயந்து பயந்து எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. போட்டவுடன் ஒரிஜினல் சேர்ந்த கை என்றால் ஆடலாம். ஒரிஜினல் இல்லாவிட்டாலும் ஒரு ஜோக்கரும், ஒட்டிப் போகும் சீட்டுகள் இரண்டு மூன்று இடத்திலும் இருந்தால் ஆடலாம். ஒட்டுவது என்று எதைச் சொல்கிறேன் என்றால், 6, 7 என்று அடுத்தடுத்து இருந்தால் 5 வந்தாலும் சரி, 8 வந்தாலும் சரி, ஆக நாலு சீட்டு உதவும். 6, 8 என்று நடுவில் ஓட்டை இருந்தால் இரண்டுதான். இஸ்பேட் 7, இஸ்பேட் 8, ஆட்டின் 7 என்று மூன்று சேர்ந்து கிடந்தால் இஸ்பேட் 6, இஸ்பேட் 9, டைமன் 7, கிளாவர் 7 எது வந்தாலும் உருப்படியாகிவிடும், மொத்தம் எட்டு சீட்டு. புதியவர்கள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் முதல் சுற்றிலேயே தூக்கிப் போடுவார்கள், ராஜாவையும் ராணியையும் பிடித்துக்கொண்டு.

நடுவில் விடுவதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏழெட்டுச் சுற்று போன பிறகு, ஒரிஜினல் இன்னும் சேரவில்லை, எதிரே ஒருவர் எடுத்த சீட்டையே அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்போது 40 கொடுப்பது வலிக்கத்தான் செய்யும், ஆனால் கையில் 70 இருக்கும்போது அது லாபம். கூட்டினால் 30தான் வரும் என்றால் விடாதீர்கள், ஆடியே தோற்கலாம்.

ஜோக்கர் விஷயத்துக்கு வருவோம். இரண்டு மூன்று ஜோக்கர் வந்துவிட்டால் ஜெயித்த மாதிரி நினைப்பது பெரிய தவறு. ஒரிஜினல் இல்லையென்றால் ஜோக்கர் வைத்துச் சேர்த்த எதுவும் கணக்கில் நிற்காது, ஜோக்கருக்கு மட்டும் பூஜ்யம், மற்றதெல்லாம் அப்படியே கூட்டலில் வரும். இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை: ஜோக்கருக்காக வெட்டி எடுத்தது டைமன் 6 என்றால் எல்லா 6ம் ஜோக்கர்தான், ஆனால் இஸ்பேட் 5, 6, 7 கையில் இருந்தால் அது ஒரிஜினலேதான். 6 அதன் சொந்த இடத்தில்தானே நிற்கிறது. இதைத் தெரியாமல் அந்த 6ஐ உருவி வேறு செட்டில் வைத்துவிட்டு ஒரிஜினலைத் தேடி அலைகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்காது.

பெரிய சீட்டை முதலில் போடு என்பது சரியான பாடம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் ராஜா, ராணி, ஆஸ் என்றுதான் போடுவார்கள். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு ராஜா வேறு வேறு ஜாதியில் இருந்தால் இரண்டு சுற்று பொறுத்துப் பாருங்கள், உங்களுக்கு முன்னால் இருப்பவரே மூன்றாவதைப் போடலாம். அதற்கு மேல் வைத்திருந்தால் அது பேராசை.

சீட்டைப் போடும்போது உங்களுக்கு அடுத்து எடுப்பவரைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போடும் சீட்டை அவர்தான் முதலில் எடுப்பார். அவர் கீழே கிடந்த ஆட்டின் 9ஐ எடுத்தார் என்றால், அப்புறம் ஆட்டினில் 7, 8, 10, ஜாக்கி, மற்ற ஜாதிகளின் 9, இவை எல்லாமே அவருக்குத் தீனி. அவரே முன்பு போட்ட சீட்டை ஒட்டிய சீட்டுகள் ஓரளவு பாதுகாப்பு. என்னென்ன விழுந்தது என்று ஞாபகம் வைப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். 1967இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்யநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அல்ல, பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதற்குக் காட்டிய காரணமும் இதுதான்: விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்பதற்குத் திறமை வேண்டும். எல்லாச் சீட்டையும் முதல் நாளே நினைவு வைக்க முடியாது, நீங்கள் தேடுகிற மூன்று நாலு சீட்டை மட்டும் கவனியுங்கள். அதில் ஒன்றின் இரண்டு சீட்டும் விழுந்துவிட்டால் அந்த ஆசையை அந்த நிமிடமே விட்டுவிடுங்கள்.

தப்பாக டிக் அடித்தால் நேராக ஃபுல். பெரும்பாலும் இது நடப்பது செட்டில்தான். இரண்டு கட்டு ஆட்டத்தில் ஆட்டின் 8 இரண்டும் கிளாவர் 8ம் சேர்த்தால் செட் ஆகாது, ஒரே ஜாதி இரண்டு வரக் கூடாது. ராஜா, ஆஸ், 2 என்று வரிசை வைப்பதும் செல்லாது. ஆஸ் 2, 3 உடன் போகும், ராணி ராஜாவுடனும் போகும், நடுவில் பாலமாக நிற்காது. டிக் சீட்டைக் கீழே வைப்பதற்கு முன் கையைப் பிரித்து, ஒரிஜினல், இன்னொரு வரிசை, மீதி என்று ஒருமுறை விரலால் தொட்டு எண்ணிவிடுங்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

230 எட்டிவிட்டால் ஸ்கூட் விட வழி இல்லை, 20 சேர்ந்தால் 250 ஆகிவிடும், எந்தக் கை வந்தாலும் ஆடியே தீர வேண்டும். அதனால் 190, 200ல் இருக்கும்போதே கை பார்த்து ஆடுங்கள், ஏனென்றால் அங்கே நடுவில் விடும் ஒரு 40 உங்களை அந்த மூலைக்குத் தள்ளிவிடும். எதிரே ஒருவர் அந்த நிலையில் இருந்தால் அவருக்காக உங்கள் மோசமான கையை ஆடவும் வேண்டாம். கட்டாயமாக ஆடப்போவது அவர்தானே.

வீட்டுக்கு வீடு விதி மாறும். ஸ்கூட் 20ஆ 25ஆ, ஒரிஜினல் மட்டும் இருந்து இரண்டாவது வரிசை இல்லாதபோது எதையெல்லாம் கூட்டுவது, அச்சடித்த ஜோக்கரே வெட்டில் வந்தால் ஆஸ் ஜோக்கரா என்பதையெல்லாம் சீட்டைக் கலைக்கும் முன்பே பேசி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பாதி ராத்திரியில் சண்டை வருவது இவற்றில்தான். அவுட் ஆனவர்களுக்கும் ஒரு விதி வேண்டும்: யாராவது ஒருவர் பின்னால் மட்டும் உட்கார்ந்து ஒரு கையை மட்டும் பார்க்கலாம். இரண்டு பேர் கையைப் பார்த்தவர் வாயைத் திறக்காவிட்டாலும் அவர் முகம் போகிற போக்கிலேயே ஆட்டம் கெட்டுவிடும்.