கொலைகாரன் யாருன்னே சொல்லாம முடியற படங்கள எப்படி பாக்கறது

"ரெண்டரை மணி நேரம் கண்ண முழிச்சு பாத்தேன், கடைசில யாருன்னே சொல்லல, இன்னாபா படம் இது"ன்னு காட்பாடி பசங்கள்ல இருந்து எங்க சொந்தக்காரங்க வரைக்கும் நிறைய பேர் கேட்டுட்டாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நெஜமா நடந்து ஆள் சிக்காமலே போன கேஸ வச்சு எடுத்த படத்த சாதாரண த்ரில்லர் மாதிரி பாத்தா ஏமாத்தமாத்தான் இருக்கும். "இவன்தான்"னு மனசுக்கு தோணறதுக்கும் அத கோர்ட்ல நிரூபிக்கறதுக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்குல்ல, இந்தப் படங்க முழுசா அந்தப் பள்ளத்துக்குள்ளதான் நடக்குது. அத பாக்க ஆரம்பிச்சிட்டா விட மாட்டீங்க.

மொதல்ல எந்தப் படம்னு கேட்டா, கண்ண மூடிக்கினு மெமரீஸ் ஆஃப் மர்டர்னு சொல்வேன். 2003ல போங் ஜூன் ஹோ எடுத்த கொரியா படம். அங்க ஹ்வாசோங்னு ஒரு ஊர்ப்பக்கம் 1986ல இருந்து 1991க்குள்ள 10 பொண்ணுங்க கொலையானாங்க, அந்த கேஸ். நம்ம ஆளுங்களுக்கு இது சட்டுனு ஒட்டும், ஏன்னா வயல், வாய்க்கா, மழை, பொணம் கெடக்கற எடத்துல கூடற சனம், எல்லாமே திமிரி பக்கமோ குடியாத்தம் பக்கமோ நடந்த மாதிரியே இருக்கும். ஆரம்பத்துலயே ஒரு காலடித் தடம் கெடைக்கும், யாரும் மிதிக்காதீங்கன்னு போலீஸ் கத்திக்கினே இருக்கறப்ப ஒரு டிராக்டர் வந்து அது மேலயே ஏறிப் போயிரும். அந்த சீன ரெண்டு தடவ பாருங்க. கேஸ் ஏன் கண்டுபிடிக்காம போச்சுன்றதுக்கு பாதி பதில் அங்கயே இருக்கு.

பாக்கறதுக்கு முன்னாடி நெட்ல தேடாதீங்க, இது ரொம்ப முக்கியம், கேஸ் எந்த ஊரு எந்த வருஷம்ன்றது மட்டும் தெரிஞ்சா போதும். நம்ம ஊரு மே மாச வெயில்ல பகல்ல உக்காந்து இந்த மாதிரி படம் பாக்க முடியாது, ராத்திரி சாப்பாட்ட முடிச்சிட்டு உக்காருங்க (ஆம்பூர் பிரியாணி வேணாம், இடைவேளைக்கு முன்னாடியே கொறட்டை வந்துரும்). கூட மூணு நாலு பேர் இருந்தா நல்லது. சப்டைட்டில் படிக்க சிரமப்படற அம்மாவோ பாட்டியோ இருந்தா ஒருத்தர் தமிழ்ல சொல்லிக்கினே வாங்க, நடுவுல நிறுத்தி நிறுத்தி பாத்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. சின்னப் பசங்க தூங்கினப்பறம் மட்டும் போடுங்க.

இப்ப உண்மையான வேல. ஒரு பேப்பர் பேனா கையில வச்சுக்கோங்க. யார் மேல உங்களுக்கு சந்தேகம் வருதோ அவன் பேர எழுதுங்க, பக்கத்துலயே அந்த சந்தேகம் எதனால வந்துச்சுன்னு எழுதுங்க. மூஞ்சிய பாத்து வந்ததா, பேசற விதத்தாலயா, பின்னாடி மியூசிக் ஏறுனதாலயா, இல்ல கோர்ட்ல கொண்டு போய் வைக்கற மாதிரி ஏதாவது இருக்கா? நேர்மையா எழுதுனா பெரும்பாலும் முதல் மூணுதான் இருக்கும். கொரியா படத்துல வர லோக்கல் போலீஸ்காரரும் ஆள் கண்ண பாத்தே கண்டுபிடிச்சிருவேன்னு சொல்லிக்கினு திரிவாரு, நாமளும் சோஃபால உக்காந்து அதையேதான் செஞ்சிட்டிருக்கோம்னு பேப்பர் காட்டிரும்.

இந்தப் பேப்பர் வேலைக்கு இன்னும் பொருத்தமான படம் 2007ல டேவிட் ஃபின்ச்சர் எடுத்த ஜோடியாக். 1968, 69ல கலிஃபோர்னியாவுல நடந்த கொலைங்க, கொலைகாரனே தனக்கு ஜோடியாக்னு பேர் வச்சுக்கினு பேப்பர் ஆபீஸுக்கு லெட்டர் போடுவான், சங்கேத எழுத்துல புதிர் அனுப்புவான். படத்துல ஒருத்தர் மேல சந்தேகம் மலை மாதிரி ஏறும், கட்டியிருக்கற வாட்ச் கூட ஜோடியாக் கம்பெனி வாட்ச், நமக்கு கை பரபரன்னு வரும் புடிச்சு உள்ள போடுங்கன்னு. ஆனா கையெழுத்து ஒத்துப்போகாது, கைரேகை ஒத்துப்போகாது. அவர் மேல கடைசி வரைக்கும் கேஸே போடல, 1992ல செத்தும் போயிட்டாரு. இதுல இன்னொண்ணும் கவனிங்க, கொலை சீனுங்கள்ல அந்தக் கொலைகாரனா வரது ஒரே நடிகர் கெடயாது, ஆள மாத்தி மாத்தி போட்டிருக்காங்க. உயிர் தப்பிச்சவங்களும் பாத்தவங்களும் சொன்ன அடையாளமே ஒண்ணுக்கொண்ணு சரியா ஒட்டாதப்ப டைரக்டர் மட்டும் எப்படி ஒரு மூஞ்சிய கொடுப்பாரு?

படம் முடிஞ்சப்பறம்தான் போன எடுக்கணும். படம் வந்த வருஷத்த எழுதுங்க, அதுக்கு அப்பறம் கேஸ்ல என்ன நடந்துச்சுன்னு தேடுங்க. ஜோடியாக் அனுப்புன 340 எழுத்து புதிர 2020 டிசம்பர்ல மூணு பேர் சேந்து உடைச்சாங்க, 51 வருஷம் கழிச்சு, அதுலயும் பேர் இல்ல. ஹ்வாசோங் கேஸ்ல 2019ல டிஎன்ஏ வச்சு ஆள கண்டுபிடிச்சிட்டாங்க, அவன் 1994ல இருந்தே வேற ஒரு கொலைக்காக ஜெயில்லதான் இருந்திருக்கான். தண்டிக்கறதுக்கான காலக்கெடு 2006லயே முடிஞ்சு போச்சு, அதனால இந்தக் கொலைங்களுக்கு அவன் மேல வழக்கு போட முடியல.

அதவிட நெஞ்ச அடைக்கறது எட்டாவது கொலை. அந்த ஒண்ணுக்கு மட்டும் போலீஸ் 1989லயே ஒருத்தர புடிச்சு, அடிச்சு வாக்குமூலம் வாங்கி தண்டனையும் வாங்கிக் கொடுத்துட்டாங்க. கிட்டத்தட்ட 20 வருஷம் உள்ள இருந்தாரு அந்த மனுஷன். 2020 டிசம்பர்லதான் நிரபராதின்னு தீர்ப்பு வந்துச்சு. தொரப்பாடி ஜெயில் பக்கம் போறப்ப மனு போட்டுட்டு வெளிய காத்திருக்கற குடும்பங்கள பாத்திருப்பீங்கல்ல, அப்படி 20 வருஷம்னா யோசிச்சு பாருங்க. இது தெரிஞ்சப்பறம் படத்துல போலீஸ் சந்தேகக் கேஸுங்கள போட்டு மிதிக்கற சீனுங்கள திரும்ப போட்டு பாருங்க, மொதல்ல அந்த எடத்துல நாம சிரிச்சிருப்போம், இப்ப சிரிக்க வராது.

மூணாவதா தல்வார், இந்திப் படம், 2015. நொய்டாவுல 2008 மே மாசம் ஒரு வீட்டுப் பொண்ணும் அங்க வேல செஞ்சவரும் கொலையான கேஸ். ஒரே ராத்திரிய வேற வேற விதமா நடத்திக் காட்டுவாங்க, ஒவ்வொண்ணும் அந்த நேரத்துக்கு நெஜம் மாதிரியே இருக்கும். மொட்டை மாடி கதவு பூட்டியிருக்குன்னு போலீஸ் மொத நாள் தொறந்தே பாக்கல, மறுநாள்தான் ரெண்டாவது பொணம் மாடில கெடச்சுது, நெஜத்துலயே இப்படித்தான் ஆச்சு. படம் வந்தப்ப அந்தப் பொண்ணோட அப்பா அம்மாவே கொன்னாங்கன்னு தண்டனை வாங்கி ஜெயில்ல இருந்தாங்க, 2017 அக்டோபர்ல அலகாபாத் ஐகோர்ட் விடுதலை பண்ணிருச்சு. அந்த தீர்ப்பு நெட்லயே கெடைக்குது, நீளம்தான், ஆனா சாட்சிங்கள பத்தி வர பகுதிய மட்டுமாவது படிங்க. சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு போய் வர வக்கீல் யாராவது தெரிஞ்சவங்க இருந்தா கூட உக்கார வச்சு பாருங்க, "சந்தேகம்"னு நாம சொல்றதுக்கும் அவங்க சொல்றதுக்கும் எவ்ளோ தூரம்னு அப்பதான் புரியும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா வேணாம். படம் பாத்த சூட்டுல உயிரோட இருக்கற யார் பேரயாவது போட்டு "இவன்தான் செஞ்சான்"னு ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. செத்தவங்க குடும்பமும் அதே போனத்தான் பாத்துக்கினு இருக்காங்க.

இதெல்லாம் பழகிட்டா நம்ம பக்கத்து கேஸுக்கே வாங்க. 1944 நவம்பர்ல மெட்ராஸ்ல லட்சுமிகாந்தன்னு பத்திரிகைக்காரர குத்திட்டாங்க, மறுநாள் செத்துட்டாரு. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை வாங்கி உள்ள போனாங்க, லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில்ன்ற மேல்முறையீட்டு கோர்ட் வரைக்கும் போய் 1947ல வெளிய வந்தாங்க. அப்ப கொன்னது யாரு? இன்னி வரைக்கும் முடிவா தெரியாது. வீட்ல ரொம்ப வயசானவங்க இருந்தா நெட்ட தொடறதுக்கு முன்னாடி அவங்க கிட்ட கேளுங்க, அவங்க அப்பா அம்மா சொல்லி ஆளுக்கு ஒரு கதை வச்சிருப்பாங்க. சொல்றத எல்லாம் அதே பேப்பர்ல எழுதிக்கோங்க, பக்கத்துலயே அது யார் சொல்லி அவங்களுக்கு தெரியும்னும் எழுதிக்கோங்க.