யாழ்ப்பாண மண்ணைத் தோண்டாமல் பார்க்க: மின்தடையில் தொடங்குங்கள்

பழங்காலக் குடியிருப்பு இருந்த கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு குழி வெட்டிப் பார்த்தது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தார்கள். இப்போது அப்படியான ஊர்களில் வீடும் மதிலும் தோட்டமும் நெருங்கிவிட்டன. எங்கே வெட்டுவது என்று, நிலத்தின் மேலிருந்தே கருவியால் அளந்து, முன்கூட்டியே தெரிந்தால்தான் மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம்.

கள ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, புதைந்திருப்பவை பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு மாற்றத்தை அளக்கும் காந்தமானியைத்தான். வேகமாக வேலை முடியும், உண்மை. ஆனால் எங்கள் வளவுகளில் ஷெல் துண்டு, சன்னம், முட்கம்பி என்று போரின் இரும்பு இன்னும் கிடக்கிறது. விரலளவு துண்டு ஒன்றே பக்கத்திலுள்ள மெல்லிய அடையாளத்தை விழுங்கிவிடும். இன்னொன்று, நாங்கள் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம். இங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. அதனால் வடக்குத் தெற்காக ஓடும் சுவர் படத்தில் அநேகமாகத் தெரியாது. கிழக்கு மேற்குச் சுவர் தெரியும். செங்குத்துச் சாய்வுமானியில் (மேலும் கீழுமாக இரண்டு உணரி வைத்த காந்தமானி) தூர்ந்த பழைய குழி ஒன்று வடக்கே ஒரு குறியும் தெற்கே எதிர்க்குறியுமாக விழும். பொருள் இருப்பது இரண்டுக்கும் நடுவில். ஐரோப்பியக் கையேட்டைப் பார்த்து உச்சப் புள்ளியில் வெட்டினால் தவறும்.

ஆகவே, மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடைமானியை முதலில் எடுங்கள். தொல்லியல் திணைக்கள அனுமதியும் காணிக்காரரின் சம்மதமும் கையில் இருக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடிந்த காணிதானா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். மாரி மழை விட்டு மண் காயத் தொடங்கும் தை, மாசி நல்ல காலம். 20 மீற்றர் சதுரம் போட்டு முளை அடியுங்கள். கருவிக்கு நான்கு கம்பிகள். ஒவ்வொரு அளவுக்கும் நகர்த்தி ஊன்றும் இரண்டுக்கும் இடையில் அரை மீற்றர். மற்ற இரண்டையும் சதுரத்திலிருந்து 15 மீற்றருக்கு அப்பால் ஊன்றி, அசைக்காமல் விடுங்கள். மீற்றருக்கு ஒரு அளவு என்றால் 400 அளவுகள் வரும். அரை மீற்றர் ஆழத்துக்குக் கொஞ்சம் கூடக்குறையத் தெரியும்.

வாசிப்பதில்தான் கவனம் வேண்டும். கல் சுவர் தடையைக் கூட்டும். மேலெழும்பி நிற்கும் சுண்ணக்கல் பாறையும் அப்படித்தான், ஆனால் அதற்கு நேர்கோடும் மூலையும் இருக்காது. செம்மண் நிரம்பிய பாறைக்குழி வட்டமாய்த் தடை குறைந்து, தூர்ந்த கிணறு மாதிரியே காட்டும். இதை எந்தக் கருவியும் பிரித்துச் சொல்லாது, வீட்டிலுள்ள பெரியவர் சொல்லுவார். "ஐயா, இந்த மூலையில முந்தி கிணறோ துரவோ இருந்ததோ?" என்று கேளுங்கள். கடைசியாக எப்போது வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். நேற்று நீர் ஓடிய வாய்க்கால் படத்தில் பழைய அகழி போல நீளமாய்க் கிடக்கும்.

சரி, மண்ணுக்குள் வானொலி அலை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்கும் நிலம் ஊடுருவும் ரேடார்? காய்ந்த செம்மண்ணில் சுவரின் ஆழத்தையே தரும், வாய்த்தால் விடாதீர்கள். மண்டைதீவு, அல்லைப்பிட்டிக் கரையோரம் உப்புநீர் ஏறிய மண்ணில் அலை உடனே செத்துவிடும்.

முளைகளைப் பிடுங்க முன் கிணற்றுக்கட்டிலிருந்தும் வீட்டு மூலையிலிருந்தும் நாடா பிடித்துத் தூரம் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி காட்டும் இடம் சில மீற்றர் தள்ளியிருக்கும். அதை நம்பி வெட்டினால் சுவர் குழிக்கு வெளியே நின்றுவிடும்.