அறுகம்குடா: கோடை விடுமுறையில் அங்கே போகத்தான் வேண்டுமா?

ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்களின் திட்டத்தில், நல்லூர்த் திருவிழா, உறவினர் வீடுகள், ஒரு கலியாணம் அல்லது ஒரு திவசம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவின் பெயரும் இப்போது அடிக்கடி இடம்பெறுகிறது. பெரும்பாலும் அதைச் சேர்ப்பவர்கள் பிள்ளைகள்தாம். கைப்பேசியில் அலைச்சறுக்குக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்க, கிழக்கிலும் நம்முடைய ஆட்கள்தானே இருக்கிறார்கள், ஒருதடவை பார்த்துவிடலாம் என்று பெரியவர்களும் சம்மதித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போக ஒரு முழுப் பகலும் திரும்பி வர இன்னொரு பகலும் தேவைப்படுவதால், மூன்று நான்கு வார விடுமுறையில் இது சிறிய செலவன்று. எந்த மாதத்தில் வருகிறீர்கள், வாகனத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் முதலில் பார்க்கவேண்டும். கடலில் குளிப்பது மட்டுமே நோக்கமென்றால் அறுகம்குடாவுக்குப் போகவேண்டியதில்லை. அலைச்சறுக்குப் பழக விரும்பும் இளையவர்கள் இருந்தாலோ, உகந்தை முருகனையும் குமண காட்டையும் மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள கரையோர ஊர்களையும் ஒரே பயணத்தில் பார்க்கும் எண்ணம் இருந்தாலோ தாராளமாகப் போகலாம்.

மாதத்தை எடுத்துக்கொண்டால், ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிகள் மூடும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய தெற்குக் கரைகளைக் கொந்தளிக்க வைக்கும். அதே நாட்களில் கிழக்குக் கரை வெயிலும் தெளிந்த நீருமாக இருக்கும். அறுகம்குடாவின் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை நீடிக்கிறது. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்குமாக வருபவர்களுக்கு நிலைமை நேர்மாறானது: நவம்பர் முதல் வடகீழ்ப் பருவமழை பெய்யும், கடல் கலங்கிக் கிடக்கும், கபானா எனப்படும் தங்கும் குடில்களும் உணவகங்களும் பெரும்பகுதி பூட்டியிருக்கும். டிசம்பரில் வருபவர் யார் அழைத்தாலும் அங்கே போகவேண்டாம். அந்த நாட்களில் காலியும் மிரிஸ்ஸவும் பொருத்தமானவை.

அடுத்தது கடல். பிறைபோல வளைந்த இந்தக் குடா உலகெங்குமுள்ள அலைச்சறுக்கு வீரர்களை ஈர்ப்பதற்குக் காரணம், அதன் தென்முனையில் பாறைத் தளத்தின் மேல் மோதி எழும் அலை வரிசையாக வலப்பக்கம் சுருண்டு நெடுந்தூரம் ஓடுவதுதான். பலகையில் நிற்பவருக்குக் கொண்டாட்டமான அந்த அலை, நீந்தத் தெரியாத அம்மாவுக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எந்த வகையிலும் உதவாது. குடாவின் நடுப்பகுதியில் கரை சடுதியாக ஆழமாகிறது. திரும்பிப் போகும் நீர் காலை இழுக்கும். தென்கோடியில், மீன்பிடி வள்ளங்கள் கரையேற்றி வைக்கப்பட்டிருக்கும் மூலையை ஒட்டிய பகுதி ஓரளவு அமைதியானது. பேபி பொயின்ட் என்று எல்லாரும் சொல்லும் அந்த இடத்தில்தான் புதியவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. நெஞ்சளவு நீரில் நிற்கும் பயிற்றுநர் பின்னால் திரும்பித் திரும்பி அலையைப் பார்த்துக்கொண்டிருந்து, சரியான கணத்தில் பலகையைத் தள்ளிவிட்டு "எழும்பு!" என்று கத்துவார். அவரும் அநேகமாகத் தமிழ் பேசும் உள்ளூர் இளைஞராகவே இருப்பார் என்பதால், அரைகுறைத் தமிழோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணித்தியாலம் நல்ல மொழி வகுப்பாகவும் அமைந்துவிடுகிறது. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் வகுப்பை வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு காற்றும் கூட்டமும் கூடும், வெயிலும் முதுகை உரித்துவிடும். வடக்கே விஸ்கி பொயின்ட், தெற்கே பீனட் ஃபார்ம் ஆகிய இடங்களும் தொடக்க நிலையினருக்கு ஏற்றவையே, ஆனால் அங்கே போய்வர முச்சக்கர வண்டி வேண்டும்.

வயதானவர்களும் சிறு பிள்ளைகளுமாகப் போய்க் கடலில் குளிக்க விரும்பும் குடும்பத்துக்கு மட்டக்களப்புக்கு வடக்கே, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாசிக்குடாவையே சொல்வேன். பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் அங்கே நீர் குளம்போல் இருக்கும். இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்தே போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்குத் திருகோணமலையின் உப்புவெளியும் நிலாவெளியும் இன்னும் பக்கம். கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் அதே நாளில் முடித்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தபின் அறுகம்குடாவுக்கும் போய்த்தான் ஆகவேண்டுமா என்று கேட்டால், கடலுக்காக வேண்டாம் என்பதே என் பதில்.

ஊர் எப்படியிருக்கும் என்பதையும் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடாவை ஒட்டிய ஒரே பிரதான வீதியின் இருபுறமும் பலகை வாடகைக் கடைகள், கோப்பிக் கடைகள், மதுபானம் விற்கும் உணவகங்கள், இரவில் இசை முழங்கும் கொட்டில்கள் என்று நிரம்பியிருக்கின்றன. நீச்சலுடையோடு வீதியில் நடப்பவர்கள் சகஜம். விலைப்பட்டியல் ஆங்கிலத்திலும் சில இடங்களில் ஹீப்ரு மொழியிலும் இருக்கும். ஒரு தட்டு சோற்றுக்கு ஊர்க் கடையில் கொடுப்பதைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். உண்மையான ஊர் வாவிப் பாலத்துக்கு அப்பால், மூன்று நான்கு கிலோமீற்றர் வடக்கே இருக்கும் பொத்துவில்தான். பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் அந்தப் பட்டணத்தில் நல்ல கொத்து, இடியப்பம், எருமைத் தயிர், வங்கி, ஆதார வைத்தியசாலை எல்லாம் உண்டு. அங்கே போகும்போது தோளும் முழங்காலும் மறைய உடுத்திக்கொள்வது மரியாதை. சைவ உணவுக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம்: மரக்கறிக் கறிக்கும் மீன் கறிக்கும் ஒரே அகப்பை புழங்குவது இங்கே எவருக்கும் பெரிய விடயமாகத் தோன்றாது. விரதம் பிடிக்கும் தாய்தகப்பன் உடன் வந்தால் சமையலறையோடுகூடிய தங்குமிடத்தை எடுத்துச் சோறு கறியை நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. விடியற்காலையில் தென்மூலைக்குப் போனால் வள்ளத்திலிருந்து இறங்கும் சூரையும் பாரையும் மணலில் கிடக்க, பேரம் பேசி வாங்கிவந்து தங்குமிடத்துச் சமையற்காரரிடம் கொடுக்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை பெருமளவு அழிந்து, வாவிப் பாலமும் உடைந்து, பின்பு எல்லாம் புதிதாகக் கட்டப்பட்டது. பழைய ஊரைத் தேடி வருபவர் இங்கே காணக்கூடியது குறைவே.

பயணத்துக்கு மதிப்பைத் தருவது, என் கணக்கில், குடாவுக்குத் தெற்கே போகும் வழிதான். பாணமை வரை வயலும் சிறு கடைகளுமாக இருக்கும் பாதை, அந்தக் கிராமத்தைத் தாண்டியதும் காட்டுக்குள் நுழைகிறது. அறுகம்குடாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் உகந்தை மலை முருகன் ஆலயம், ஒருபக்கம் பாறை மலையும் மறுபக்கம் கடலுமாக நிற்கிறது. முருகன் வந்திறங்கிய ஓடம் கல்லாகிப்போனதென்று ஐதிகம். வள்ளியம்மன் மலையில் ஏறினால் பாறைக் குழிவுகளில் தேங்கி நிற்கும் சுனைகளையும், கீழே ஒரு வீடுகூட இல்லாத நீண்ட கரையையும் பார்க்கலாம். செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கரையோரமாக நடந்துவரும் கதிர்காமப் பாதயாத்திரிகர்கள் காட்டுக்குள் நுழைவதற்கு முன் கூடும் இடம் இதுவே. கதிர்காமத் திருவிழாவை ஒட்டி ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ அந்தக் காட்டுப்பாதை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மட்டும் திறக்கப்படுகிறது. திகதி ஆண்டுதோறும் மாறுவதால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே உறவினர்களிடம் கேட்டு வையுங்கள். அந்த நாட்களில் அரிசி மூட்டையும் தண்ணீர்ப் போத்தலும் தலையில் சுமந்து, வெறுங்காலோடு, ஆச்சிமாரும் இளம்பெடியன்களும் அரோகரா சொல்லிக்கொண்டு வரிசையாகக் காட்டுக்குள் இறங்குவதைப் பார்க்கக் கிடைக்கும். முழு யாத்திரையும் நடக்க முடியாதவர்கள் உகந்தைவரை வாகனத்தில் போய்த் தரிசித்துத் திரும்பலாம். மற்ற நாட்களில் கோயிலடியில் கடை எதுவும் திறந்திருக்கும் என்று எண்ணாமல், அர்ச்சனைச் சாமானையும் குடிநீரையும் பொத்துவிலிலேயே வாங்கிக்கொள்ளவேண்டும்.

உகந்தையிலேயே குமண தேசியப் பூங்காவின் வாசலும் இருக்கிறது. முன்பு கிழக்கு யால என்று அழைக்கப்பட்ட இந்தக் காடு போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரையான காலத்தில் குமண வில்லு என்னும் சதுப்புநில நீர்நிலையின் கண்டல் மரங்களில் நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. சிறுத்தையையும் யானையையும் காணும் வாய்ப்பும் உண்டு. ஜீப் வண்டிகள் யால பூங்காவில்போல ஒன்றன்பின் ஒன்றாக முண்டியடிப்பதில்லை. அறுகம்குடாவிலிருந்து விடியமுன் ஜீப்பில் புறப்பட்டு, காட்டைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கோயிலுக்குப் போவது வசதியான ஒழுங்கு. ஆனால் முருகனிடம் குளிக்காமல் போகச் சம்மதியாதவர்கள் மாற்றுடுப்பு எடுத்துப் போகட்டும். பூங்காவில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மிக அதிகம். இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ தேசிய அடையாள அட்டையையோ காட்டினால் உள்ளூர்க் கட்டணம் கேட்கலாம். தமிழில் பேசுவது மட்டும் அதற்குப் போதாது.

இந்த வழியில் நீர்நிலைகளிடம் எச்சரிக்கை தேவை. களப்புகளில் முதலைகள் இருக்கின்றன. 2017-இல் பாணமைக்கு அருகே யானைப் பாறைக் கரையை ஒட்டிய களப்போரத்தில் வெளிநாட்டு இளைஞர் ஒருவரை முதலை இழுத்துச் சென்று கொன்றது. கைகால் கழுவக்கூடக் களப்புக்குள் இறங்க வேண்டாம். பொழுது சாய்ந்தபின் பாணமைப் பாதையிலும் லாகுகல வீதியிலும் யானைகள் நடமாடும் என்பதால் மாலை ஐந்தரைக்குள் தங்குமிடத்துக்குத் திரும்பிவிடுவது நல்லது. பொத்துவில் களப்பில் மீனவர்கள் தோணியில் கண்டற்காடு காட்டும் சவாரி நடத்துகிறார்கள். அது பாதுகாப்பானது, முட்டிவலி உள்ளவர்களும் உட்கார்ந்தபடியே ரசிக்கலாம்.

போகும் வழிகளில் எனக்குப் பிடித்தது மட்டக்களப்பிலிருந்து போவது. கொழும்பிலிருந்து வருபவர்கள் உதயதேவி புகையிரதத்தில் மட்டக்களப்பில் இறங்கி ஓரிரவு தங்கி, அடுத்த நாள் வாகனம் பிடிக்கலாம். பொத்துவில் வரை 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல்தான், ஆனால் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்று ஊர் முடியுமுன்னே அடுத்த ஊர் தொடங்குவதால் மூன்று மணித்தியாலம் ஆகும். ஒரு பக்கம் வாவியும் வயலும், மறுபக்கம் கடலுமாக, தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்த வீதியை வன்னிக்கு அப்பால் கிழக்கை அறியாமல் வளர்ந்த வடக்குப் பிள்ளைகள் ஒருமுறை பார்ப்பது நல்லது. விபுலாநந்த அடிகள் 1892-இல் பிறந்த காரைதீவில் சற்று நிறுத்தலாம். ஆடி அமாவாசையை ஒட்டி வந்தால் மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தமும், திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமியின் கடல் தீர்த்தமும் நடக்கும். அந்நாளில் வீதி நெரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா தொழுகைக்காக முஸ்லிம் ஊர்களில் கடைகள் மூடப்படும், மதியச் சாப்பாட்டை அதற்கேற்ப முன்பின்னாக வைத்துக்கொள்ளவேண்டும்.

கொழும்பிலிருந்து நேரே போவதானால் தூரம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். தெற்கு அதிவேகப் பாதையில் அம்பாந்தோட்டைப் பக்கம் போய் வெல்லவாய, மொனராகலை வழியாக ஏறுவது இப்போது பலரும் எடுக்கும் வழி. எப்படியும் ஏழெட்டு மணித்தியாலம் வேண்டும். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே இதைச் செய்யாதீர்கள். மலையகம் பார்ப்பவர்கள் எல்லவிலிருந்து மூன்று மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம்.

அலைச்சறுக்குப் பழகும் பிள்ளைகளுக்கு மூன்று இரவு வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு போதும், அதில் ஒரு பகல் உகந்தைக்கும் குமணவுக்கும். ஜூலை, ஓகஸ்ட்டில் அறைகள் முன்பே நிரம்பிவிடும். பிரதான வீதியில் எடுத்தால் இரவு தூக்கம் கெடும். குடும்பத்தோடு வருபவர்கள் வாவிப் பக்கமோ பொத்துவில் பக்கமோ பார்க்கட்டும், குளிரூட்டி இருக்கிறதா, மின்தடைக்கு மாற்று வசதி உண்டா என்று தொலைபேசியில் தமிழிலேயே கேட்டு உறுதிசெய்யலாம். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை இந்தப் பகுதியைத் தவிர்க்கும்படி அறிவித்து, அடுத்த மாதம் அதை விலக்கிக்கொண்டது. அத்தகைய அறிவிப்பு நடப்பிலிருக்கும்போது போனால் சில பயணக் காப்புறுதிகள் பணம் தர மறுக்கும் என்பதால், புறப்படும் வாரத்தில் உங்கள் நாட்டு வெளிவிவகார அமைச்சின் பயண அறிவுறுத்தலைப் பார்த்துவிட்டு, முற்பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய வகையில் அறையைப் பதிவுசெய்யுங்கள்.