ஒரே குழாயில் ஆறு ஸ்வரம்: வீட்டிலேயே ஓர் இசைக்கருவி

உலோகக் குழாயைத் தரையில் கிடத்தித் தட்டினால் 'டொக்' என்று அடங்கிவிடும். அதையே சரியான இரண்டு இடங்களில் மட்டும் தாங்கிவிட்டுத் தட்டுங்கள், கணீரென்று நீளமாக ஒலிக்கும். ஒரு குழாயை ஆறு துண்டுகளாக அறுத்துச் செய்யும் இந்தக் கருவியின் சூட்சுமமே அந்த இரண்டு இடங்கள்தான். மற்றதெல்லாம் அளந்து அறுக்கிற வேலை.

வேண்டியவை: 20 முதல் 25 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய அல்லது இரும்புக் குழாய் இரண்டேகால் மீட்டர், ஹேக்ஸா, அரம், அளவு டேப், மார்க்கர், கொஞ்சம் ஸ்பாஞ்ச், ஒரு குச்சி, ஒரு ரப்பர் பந்து.

1. அறுப்பது

தந்தியைப் பாதியாக்கினால் சுருதி இரு மடங்காகி மேல் ஸ்தாயி, அதாவது அதே ஸ்வரம் உயரத்தில், கிடைக்கும். குழாயில் அந்தக் கணக்கு செல்லாது, நீளத்தை 1.414-ஆல் வகுத்தாலே சுருதி இரு மடங்காகிவிடும். முதல் துண்டை 40 செ.மீ. என்று வைத்தால்:

ச 40.0, ரி 37.7, க 35.8, ப 32.7, த 31.0, மேல் ச 28.3

இவை மோகன ராகத்தின் ஸ்வரங்கள். எதற்குப் பின் எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது என்பதால் முதல் கருவிக்கு இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு துண்டையும் 2 மி.மீ. கூடுதலாகவே அறுங்கள். அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

2. தாங்கும் இடம்

குழாயைத் தட்டியதும் நடுப்பகுதியும் இரு முனைகளும் அதிரும். இடையில் இரண்டே இடங்கள் அசையாமல் நிற்கும். முனையிலிருந்து மொத்த நீளத்தில் 22.4 சதவீதத் தூரத்தில் அவை இருக்கும்: 40 செ.மீ. குழாய்க்கு 9 செ.மீ., 28.3 செ.மீ. குழாய்க்கு 6.3 செ.மீ.

காதாலும் கண்டுபிடிக்கலாம். இரண்டு விரலால் லேசாகப் பிடித்து நடுவில் தட்டுங்கள். பிடியை அரை அரை சென்டிமீட்டராக நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று திறந்துகொள்ளும், விரலில் அதிர்வே தெரியாது. அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். கணக்கு தெரிந்தாலும் இதை ஒருமுறை கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பிறகு எந்த உலோகத் துண்டைப் பார்த்தாலும் எங்கே பிடிப்பது என்று கைக்கே தெரிந்துவிடும்.

கோடு போட்ட இடங்களில் ஸ்பாஞ்ச் துண்டு வைத்துக் குழாய்களை வரிசையாக அடுக்குங்கள்.

3. சுருதி சேர்ப்பது

40 செ.மீ. குழாய் எந்தச் சுருதியில் ஒலிக்கிறதோ அதுவே உங்கள் ஸட்ஜம் (ச). மொபைலில் ட்யூனர் செயலியைத் திறந்து, அதிலிருந்து ரி 2, க 4, ப 7, த 9, மேல் ச 12 அரைச்சுரம் (semitone, ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டில் ஒரு படி) உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முனையைத் தேய்க்கத் தேய்க்கச் சுருதி ஏறும். தேய்த்த சூட்டோடு பார்க்காதீர்கள். சூடான உலோகம் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். அளவுக்கு மேல் ஏறிவிட்டால் அந்தத் துண்டை அடுத்த ஸ்வரத்துக்கு வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று அறுத்துக்கொள்ளுங்கள்.

குச்சி முனையில் ரப்பர் பந்தைச் செருகினால் அடிகோல் தயார். நடுவில் அடித்தால் தெளிவான ஸ்வரம், ட்யூனருக்கும் குழப்பம் வராது. முனைப் பக்கம் அடித்தால் 2.76 மடங்கு உயரத்தில் இன்னொரு சுரமும் சேர்ந்து மணியோசை வரும்.

4. இனி பரிசோதனை

ஸ்வர வரிசைக்குக் கட்டுப்பட வேண்டியதே இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச் ஒரு ஸ்தாயியை 43 சுரங்களாகப் பிரித்துக்கொண்டு, அதற்கான கருவிகளைத் தானே செய்தார். மிச்சத் துண்டுகளை மனம்போன நீளத்தில் அறுத்து இடையிடையே வைத்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர். நீளமான குழாயின் மேல் கோட்டில் நூல் கட்டித் தொங்கவிட்டுத் தட்டுங்கள். ஒலி அடங்குவதற்குள் கீழ் முனையை வாளித் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். சுருதி வழுக்கிக்கொண்டே இறங்கும், தூக்கினால் ஏறும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து, வழுக்கிப் பாடுவது) மாதிரியே இருக்கும். இரும்புக் குழாய் என்றால் உடனே துடைத்துவிடுங்கள். துரு ஏறினால் சுருதி கலையும்.